தந்தை விட்டுச் சென்ற துப்பாக்கி

குடும்பத் தலைவர் ஒருவர் மறைந்தபின், அவர் வைத்துச் சென்ற பெட்டிகளைத் திறந்து பார்க்க வேண்டிய கடமை மக்களைச் சேர்கிறது. நிலப் பத்திரங்கள், பழைய கடிதங்கள், நின்றுபோன கைக்கடிகாரம், மூக்குக் கண்ணாடி என்று ஒவ்வொன்றாக வெளிவரும். சில வீடுகளில் இவற்றிடையே, எண்ணெய் தோய்ந்த துணியில் சுற்றிய ஒன்றிரண்டு பழைய துப்பாக்கிகளும் வெளிப்படுவதுண்டு. வீட்டார் திகைத்து நிற்பர். “தாத்தா காலத்துப் பொருள், அப்படியே பரணில் இருக்கட்டும்” என்பார் ஒருவர். “வம்பு எதற்கு? இரவோடு இரவாகக் கிணற்றில் போட்டுவிடுவோம்” என்பார் மற்றொருவர். வீட்டிலுள்ள இளைஞரோ யாருடைய சொல்லுக்கும் காத்திராமல் அதைக் கையில் எடுத்துக் குறிபார்க்கத் தொடங்கிவிடுவார்.

மாணவ நேயர்களே, இம்மூன்றும் தவறு. ஏன் தவறு என்பதையும், செய்யத்தக்கது யாது என்பதையும் இப்பேச்சில் ஆராய்வோம். இதில் நாம் நினைவிற்கொள்ள வேண்டிய அடிப்படை உண்மை ஒன்றுதான். துப்பாக்கி வைத்திருப்பதற்கான உரிமம் ஒரு மனிதருக்கு வழங்கப்படுவது. அவர் மறைந்தால் அதுவும் முடிந்துவிடுகிறது. துப்பாக்கி அவ்வாறு முடிவதில்லை. நூறாண்டு கடந்தும் அதன் ஆற்றல் குன்றாது இருக்கக்கூடும். இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் ஆபத்தும், சட்டச் சிக்கலும், அழிந்துபோகும் வரலாறும் தங்கியிருக்கின்றன.

முதலில் ஆபத்தைப் பார்ப்போம். பழைய துப்பாக்கியைக் கண்டால், அதனுள் மருந்து இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். குழலின் வாய்வழியாக மருந்தையும் குண்டையும் இட்டுக் கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கிகளில் இவ்வெச்சரிக்கை மிகவும் இன்றியமையாதது. அவற்றில் ஒருமுறை கெட்டித்துவிட்டால் வெளியே எடுப்பது எளிதன்று. சுடுவதற்கு வாய்ப்பு நேராதபோது அப்படியே சார்த்தி வைத்துவிடுவது வழக்கமாக இருந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863-ஆம் ஆண்டு கெட்டிஸ்பர்க் களத்திலிருந்து பொறுக்கியெடுக்கப்பட்ட பல்லாயிரம் துப்பாக்கிகளுள் பெரும்பாலானவை கெட்டித்த மருந்தோடு இருந்தன என்று கணக்கெடுத்தவர்கள் எழுதிவைத்துள்ளனர். கரிமருந்து என்பது வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றின் கலவை. ஈரம் படாமல் இருந்தால் தலைமுறைகள் கழிந்தும் அது தன் வேகத்தை இழப்பதில்லை. தந்தைக்குத் தந்தை கெட்டித்து வைத்த மருந்து பேரன் கையில் வெடிப்பது நடக்கக்கூடிய செயலே.

பிற்காலத்துத் தோட்டாக்களின் இயல்பு வேறு. அவற்றில் கரிமருந்துக்குப் பதிலாகப் புகையில்லா மருந்து இருக்கும். 1889-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் உருவான கார்டைட் என்பது அவ்வகையினது. அதை இந்தியாவிலேயே செய்வதற்காக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீலகிரியில் அருவங்காட்டில் ஒரு தொழிற்சாலை நிறுவப்பட்டது. இவ்வகை மருந்து நாட்பட நாட்படத் தானே சிதையும் இயல்புடையது. பச்சை பூத்த பித்தளையும் தளர்ந்த குண்டும் கொண்ட பழைய தோட்டா வெடிக்காமலும் போகலாம்; தாமதித்து வெடிக்கவும் செய்யலாம். இரண்டாவதே மிகக் கொடியது. ஆதலின் விசையைத் தொடுவது, குழலுக்குள் கண்ணை வைத்துப் பார்ப்பது, கம்பியை விட்டுக் குத்துவது, தோட்டாவைத் தட்டித் திறப்பது ஆகிய எதையும் செய்தல் ஆகாது. கண்ட இடத்திலேயே விட்டு, சிறுவர் அணுகாதபடி அறையைப் பூட்டுவதே முதற் காரியம்.

இனி, அப்பொருள் எத்தகையது என்பதை அறிவோம். பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் துப்பாக்கி என்றே சொல்கிறோம். ஆனால் ரைபிள் என்னும் சொல் ஒரு தனி அமைப்பைக் குறிப்பது. பழைய மஸ்கட் துப்பாக்கியின் குழல் உள்ளே வழவழப்பாக இருக்கும். அதிலிருந்து புறப்படும் உருண்டைக் குண்டு சுமார் நூறு கஜத்துக்கு அப்பால் எங்கே போய் விழும் என்று சொல்வதற்கில்லை. ரைபிளின் குழலுக்குள்ளோ திருகாணியின் மரையைப் போலச் சுற்றிச் செல்லும் வரிப்பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். குண்டு அவ்வரிகளைப் பற்றிக்கொண்டு சுழன்றபடியே வெளிவரும். சுழலாத பம்பரம் சாய்ந்து விழுகிறது; சுழலும் பம்பரம் நிமிர்ந்து நிற்கிறது அல்லவா? அதே இயற்கை விதிதான் குண்டையும் நெறி பிறழாமல் நேரே செலுத்துகிறது. நம் நாட்டில் ‘முந்நூற்று மூன்று’ என்று பேர்பெற்ற லீ என்பீல்டு ரைபிளின் குழலில் ஐந்து வரிகள் உண்டு. பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்றாக அவை அமைந்துள்ளன. அதிலிருந்து நொடிக்கு 740 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வெளிவரும் குண்டு, நொடிக்கு ஏறத்தாழ 2,900 முறை சுழல்கிறது.

வரிவெட்டும் கலை ஐரோப்பாவில் சுமார் ஐந்நூறு ஆண்டுகளாகவே அறியப்பட்டிருந்தது. எனினும் வரிகளை இறுகப் பற்றும் குண்டைக் குழலின் வாய்வழியே இறக்குவது கடினமாதலால், படைகள் அதைப் பெரிதும் மேற்கொள்ளவில்லை. 1849-இல் பிரெஞ்சுக்காரரான மினியே என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். அவருடைய குண்டு கூம்பு வடிவினது, அடிப்புறம் குழிந்தது. எளிதாக உள்ளே இறங்கிவிடும். மருந்து வெடிக்கும்போது அடிப்புறம் விரிந்து வரிகளைப் பற்றிக்கொள்ளும். இம்முறையைத் தழுவி 1853-இல் ஆங்கிலேயர் செய்த என்பீல்டு ரைபிள்தான், கொழுப்புத் தடவிய தோட்டாவின் காரணமாக 1857-இல் இந்தியச் சிப்பாய்களின் கொதிப்புக்கு ஓர் உடனடிக் காரணமாயிற்று.

அதன்பின் நிகழ்ந்தது நம் கருத்தைக் கவர்வதாகும். கிளர்ச்சியை அடக்கிய ஆட்சியினர், இந்தியப் படைவீரர்களுக்கென்று 1858-ஆம் ஆண்டு மாதிரி ஒன்றை வகுத்தனர். வெளித்தோற்றத்தில் அது என்பீல்டு ரைபிளே. ஆனால் குழலுக்குள் இருந்த வரிகள் கடைந்தெடுக்கப்பட்டு, உட்புறம் வழவழப்பாக்கப்பட்டிருந்தது. குறி தவறாத கருவி இந்தியன் கையில் இருத்தல் கூடாது என்னும் அச்சம் அந்த இரும்பிலேயே பதிந்துவிட்டது. இன்று அத்தகைய ஒன்று யார் வீட்டிலேனும் கிடைத்து, அறிந்தவர் ஒருவர் அதன் குழலைச் சோதித்து, உள்ளே வரிகள் இல்லை என்று கண்டால், அது வெறும் குறைபாடு அன்று. ஓர் அரசியல் வரலாற்றுச் சான்று.

பின்வந்த மாற்றங்கள் விரைவானவை. 1866-இல் ஸ்னைடர் முறை வந்தது. பழைய என்பீல்டின் பின்புறத்தை வெட்டித் திறந்து, தோட்டாவைப் பின்வழியே இடும்படி மாற்றினார்கள். 1871-இல் மார்ட்டினி ஹென்றி வந்தது; கைப்பிடியின் கீழுள்ள நெம்புகோலை இறக்கினால் பின்வாய் திறக்கும். 1888-இல் லீ மெட்போர்டும், 1895-இல் லீ என்பீல்டும் வந்தன. தோட்டாக்களை அடுக்கிவைக்கும் பெட்டி இவற்றோடு சேர்ந்தது. கல்கத்தாவுக்கு அருகிலுள்ள இச்சாப்பூரில், முன்பு வெடிமருந்து ஆலை இருந்த இடத்தில் ரைபிள் தொழிற்சாலை எழுந்தபின், லீ என்பீல்டுகள் இந்தியாவிலேயே வார்த்துக் கடையப்பட்டன.

ஆகவே, கிடைத்த துப்பாக்கியின் வயதைக் கணிப்பதற்கு அதன் அமைப்பே முதற் சான்று. மருந்து வாய்வழியே செல்கிறதா, பின்வழியே செல்கிறதா, நெம்புகோல் உண்டா, தோட்டாப் பெட்டி உண்டா என்பவற்றைக் கொண்டு அது எந்தக் கால் நூற்றாண்டுக்கு உரியது என்று சொல்லிவிடலாம். அடுத்த சான்று முத்திரைகள். படைத்துப்பாக்கியின் பிடிக்கருகில் கிரீடமும், அரசரின் பெயரெழுத்தும், செய்த இடமும், ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். இச்சாப்பூரில் செய்தவற்றில் ஜார்ஜ் மன்னரைக் குறிக்கும் ஜி.ஆர்.ஐ. என்னும் எழுத்துகளைக் காணலாம். விடுதலைக்குப் பின் செய்தவற்றில் அவ்விடத்தை அசோகச் சிங்கம் பெற்றது. இங்கிலாந்திலிருந்து வந்த வேட்டைத் துப்பாக்கிகளின் குழலில் லண்டன் அல்லது பர்மிங்காம் சோதனைச் சாலையின் முத்திரை இருக்கும். வலுவான மருந்தை இட்டுச் சோதித்து, குழல் தாங்கிற்று என்பதற்கு அடையாளமாக இடப்படுவது அது. பர்மிங்காம் சோதனைச் சாலை 1813-இல் சட்டப்படி நிறுவப்பட்டது.

இத்துப்பாக்கிகள் வீடுகளுக்குள் எவ்வாறு வந்தன? இதை அறிய, நம் நாட்டில் மக்களிடமிருந்து ஆயுதம் பறிக்கப்பட்ட கதையைச் சிறிது நோக்க வேண்டும். தென்னாட்டில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்ட 1801-ஆம் ஆண்டிலேயே, அதன் இறுதியில், பாளையங்களில் மக்கள் ஆயுதம் தாங்குதல் கூடாது என்று சென்னை அரசு பிரகடனம் செய்தது. 1857-க்குப் பின் இவ்வடக்குமுறை நாடெங்கும் பரவிற்று. லிட்டன் பிரபு ஆட்சியில் 1878-இல் இயற்றப்பட்ட படைக்கலச் சட்டம் இந்தியர் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுத்தது. ஐரோப்பியருக்கோ விலக்கு அளிக்கப்பட்டது. இவ்வேற்றுமை நம்மவர் உள்ளத்தை ஆழமாகப் புண்படுத்தியது. 1887-இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபை இச்சட்டத்தைக் குறித்துத் தீர்மானம் நிறைவேற்றிற்று. அகிம்சையைப் போதித்த காந்தியடிகளும் 1930-இல் வைசிராய்க்கு விடுத்த பதினொரு கோரிக்கைகளுள், தற்காப்புக்கான துப்பாக்கி உரிமங்கள் மக்களின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு வழங்கப்பட வேண்டும் என்பதையும் ஒன்றாகச் சேர்த்தார்.

எனவே அந்நாளில் உரிமம் பெற்ற துப்பாக்கி என்பது ஒரு கருவியாக மட்டும் கருதப்படவில்லை. அது அரசின் நம்பிக்கைக்கு அடையாளமாகவும், ஊரில் மதிப்புக்கு அறிகுறியாகவும் விளங்கிற்று. ஜமீன்தார்கள், தோட்ட உரிமையாளர்கள், காட்டோரத்தில் பயிர் செய்வோர் போன்றோர் அதைப் பெற்றனர். அவ்வாறு பெற்ற துப்பாக்கியின் குழல் விட்டத்திலும் சட்டத்தின் கை தெரியும். படையினர் பயன்படுத்தும் அளவுடைய தோட்டா பொதுமக்களிடம் சேர்ந்துவிடலாகாது என்று அரசு கருதியது. அதனால் 0.450 அங்குல அளவுடைய துப்பாக்கிகள் இந்தியாவுக்குள் வருவது தடுக்கப்பட்டபோது, இங்கிலாந்தின் துப்பாக்கி செய்வோர் 0.470 போன்ற புதிய அளவுகளைக் கண்டனர். படைக்கு 0.303 என்றால், பொதுமக்களுக்கு 0.315 என்று வேறு ஓர் அளவு வகுக்கப்பட்டது. வீட்டில் கிடைத்த ரைபிள் 0.303 ஆயின், அது தடை செய்யப்பட்ட வகையைச் சேர்ந்தது. இவ்விரண்டு எண்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஓர் அங்குலத்தில் நூற்றில் ஒரு பங்குக்குச் சிறிது மேல்தான். சட்டத்தின் கண்ணில் அது மிகப் பெரிய வேறுபாடு.

1972-ஆம் ஆண்டு வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் வேட்டைக்காலம் முடிவுற்றது. சுவரில் மாட்டியிருந்த துப்பாக்கிகள் பலவும் பெட்டிக்குள் புகுந்தன. அவற்றை வாங்கியவர்கள் ஆண்டுதோறும் எண்ணெய் இட்டுப் பாதுகாத்தனர்; உரிமத்தைப் புதுப்பித்தும் வந்தனர். முதுமையில் அதுவும் தளர்ந்தது. பிள்ளைகளிடம் சொல்லவும் மறந்தனர். பெட்டியில் துப்பாக்கி கிடைக்கும்போது வீட்டார் திகைப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

இனி, சட்டம் இன்று சொல்வது என்ன என்பதைக் காண்போம். 1878-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 1959-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் இயற்றப்பட்டு, 1962 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இச்சட்டத்தின்படி, எக்காரணத்தாலேனும் ஒருவரிடமுள்ள துப்பாக்கி உரிமமற்றதாகிவிட்டால், அவர் வீண் தாமதமின்றி அதை அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும். ஒப்படைப்பதால் உரிமை உடனே அற்றுப்போவதில்லை. சட்டப்படியான வாரிசு குறித்த காலத்துக்குள் தம் பெயருக்கு உரிமம் பெற்று அதைத் திரும்பப் பெறலாம். அல்லது அதை வைத்திருக்கத் தகுதியுள்ளவருக்கு விற்றுப் பணம் பெறலாம். குறித்த காலம் கடந்தும் வாளாவிருந்தால்தான் அது அரசைச் சேரும். 2016-ஆம் ஆண்டு விதிகள் உரிமதாரர் மறைந்தபின் அவருடைய வாரிசுக்கு உரிமம் வழங்க இடமளிக்கின்றன. அவர் உயிரோடிருக்கும்போதே, எழுபது வயது நிறைந்தாலோ, இருபத்தைந்து ஆண்டுகள் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, வாரிசு ஒருவரைக் குறித்து மாற்றித் தரவும் வழியுண்டு. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டது. பரம்பரையாக வந்தவையும் இவ்வெல்லைக்குள் அடங்கும்.

இருபத்தொரு வயது நிறையாதவர் பொதுவாக உரிமம் பெறத் தகுதியுடையவர் அல்லர். ஆதலின் மாணவர்களாகிய உங்களுள் பெரும்பாலோர், “என் தந்தையின் துப்பாக்கி, நான் வைத்திருப்பதில் தவறென்ன?” என்று கேட்பதற்கு இடமில்லை. உரிமமின்றி வைத்திருத்தல் இரண்டாண்டுக்குக் குறையாமல் ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனைக்கு உரிய குற்றம். தடை செய்யப்பட்ட வகையாயின் ஏழாண்டு முதல் பதினான்காண்டு வரை தண்டனை நீளும்.

பழையது, பயனற்றது என்று எண்ணி வைத்துக்கொள்வோரும் உண்டு. பழமை வாய்ந்ததோ பழுதுற்றதோ ஆகிய ஆயுதத்துக்குச் சட்டம் விலக்களிப்பது உண்மையே. ஆனால் அவ்விலக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு: பழுது பார்த்தும் பார்க்காமலும், எவ்வகையாலும் அதைச் சுடுவதற்குப் பயன்படுத்த முடியாததாக இருக்க வேண்டும். நூறாண்டுக்கு முற்பட்ட மார்ட்டினியின் குழல் துருவேறியிருந்தாலும், திறமையுள்ள கொல்லர் ஒருவர் அதைச் செப்பஞ்செய்துவிடக் கூடும். ஆகவே அது பயனற்றது என்று முடிவு செய்யும் அதிகாரம் நமக்கு இல்லை.

கிணற்றில் எறிவதும் பாதுகாப்பன்று. கோடையில் நீர் வற்றும். தூர் வாருவோர் கையில் அது அகப்படும். உரிமப் பதிவேட்டில் தந்தையின் பெயருக்கு எதிரே அத்துப்பாக்கியின் எண் எழுதப்பட்டிருக்கும். அது எங்கே என்று ஒருநாள் கேள்வி எழும்போது, தந்தை நேர்மையாகப் பெற்ற பொருளுக்குப் பிள்ளைகள் விடையளிக்க முடியாமல் நிற்க நேரிடும். தெரியாதவர் கையில் சேர்ந்து ஓர் உயிருக்கு ஊறு விளைந்தாலோ, அப்பழியைத் துடைக்க வழியில்லை. ஆகையால், கண்ட அன்றே காவல் நிலையத்துக்குச் செய்தி சொல்லி, அவர்கள் கூறும் முறைப்படி ஒப்படைத்து, எழுத்து மூலமான ஒப்புகைச் சீட்டைப் பெற்று வைப்பதே நேர்வழி. துப்பாக்கியை நாமே தோளில் சுமந்து தெருவழியே செல்வதும் ஆகாது.

சட்டம் எங்கும் ஒரே முகமாக இல்லை என்பதற்குக் குடகு நாட்டைக் காட்டலாம். அங்குள்ள குடவர்களுக்கும், ஜம்மா நிலவுரிமை உடையவர்களுக்கும் ஆங்கிலேயர் காலந்தொட்டே உரிமம் பெறுவதிலிருந்து விலக்கு இருந்து வருகிறது. 1963-இல் இந்திய அரசும் இதை ஏற்றது. 2019-இல் அது 2029 வரை நீட்டிக்கப்பட்டது. ஆண் குழந்தை பிறந்தால் ஒரு வேட்டு, இறப்பு நேர்ந்தால் இரண்டு வேட்டு என்று ஊருக்கு அறிவிப்பதும், கைல்போள்து என்னும் விழாவில் துப்பாக்கிகளை மலர்சூட்டி வழிபடுவதும் அவர்களுடைய வழக்கம். அங்கே தந்தையின் துப்பாக்கி பெட்டியில் மறைந்து கிடப்பதில்லை. குடும்பத்தார் அனைவரும் அறிய இருக்கிறது. ஒளிவு இல்லாத இடத்தில் திகைப்பும் இல்லை. சட்ட விலக்கு நமக்கு இல்லாவிடினும், இந்த வெளிப்படைத் தன்மையை நாமும் மேற்கொள்ளலாம். துப்பாக்கி வைத்திருக்கும் பெரியவர் எவரும், அது எங்கே உள்ளது, உரிமம் எங்கே உள்ளது, மருந்து உள்ளதா இல்லையா என்பவற்றை வீட்டாருக்குத் தெரிவித்து வைப்பது அவருடைய கடமை.

இறுதியாக, ஒப்படைப்பதால் நினைவும் போய்விடுமோ என்று வருந்துவோருக்கு ஒரு சொல். ஜிம் கார்பெட் 1907-இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காகப் பெற்ற ரிக்பி ரைபிளில், யார், எதற்காக வழங்கினர் என்பது ஒரு வெள்ளித் தகட்டில் பொறிக்கப்பட்டுள்ளது. அதனால் அத்துப்பாக்கி இன்றும் தன் கதையைத் தானே சொல்கிறது. நம் வீட்டுத் துப்பாக்கிகளுக்கு அத்தகைய தகடு இல்லை. அக்குறையை நீக்குவது பிள்ளைகளால் ஆகக்கூடியது. உரிமப் புத்தகத்திலுள்ள எண்ணையும் ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒப்படைக்கும்போது அங்குள்ளவர் துணையோடு முத்திரைகளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தந்தையோடு பழகிய முதியவர்களைக் கேட்டு, அது எப்போது வந்தது, எதற்குப் பயன்பட்டது என்று எழுதிவையுங்கள். நூறாண்டு கடந்த அரிய பொருளாயின், அரசாங்க அருங்காட்சியகத்தாரின் கருத்தையும் நாடலாம். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சை அரண்மனைப் படைக்கலங்கள் இன்று நம் கண்முன் இருக்கின்றனவென்றால், ஒரு காலத்தில் அவற்றை முறைப்படி ஒப்படைத்தவர்களும் பதிந்து வைத்தவர்களும் இருந்ததே காரணம்.

வீடும் நிலமும் தந்தையின் மறைவோடு மக்களுக்கு உடைமையாகின்றன. துப்பாக்கி அவ்வாறு உடைமையாவதில்லை; அது ஒரு பொறுப்பாக வந்து சேர்கிறது. அஞ்சி மறைக்காமலும், விளையாட்டாக ஏந்தாமலும், முறைப்படி சேர்க்க வேண்டிய இடத்தில் அதைச் சேர்த்து, அதன் வரலாற்றை மட்டும் குடும்பத்தில் நிலைநிறுத்துபவரே அப்பொறுப்பை நிறைவேற்றியவர் ஆவார்.